முன்னாடி வச்ச கேமரா

கையைப் பாத்துத்தானே கேட்டே? மறைக்காமச் சொல்லு பாப்பா, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். பஸ் ஏறி உக்காந்ததும் "கொஞ்சம் தள்ளி உக்காரும்மா, பெட்டி இடிக்குது"ன்னு சொன்னேன். கொரலைக் கேட்டுட்டு நிமிந்தே. மூஞ்சியப் பாத்தே. உனக்கு ஒண்ணும் தோணல. திரும்பப் போனுக்குக் குனிஞ்சிட்டே. அப்புறம் பெட்டி மேல இருந்த கையப் பாத்தே, இந்தக் கோணச் சுண்டுவெரலப் பாத்தே. அதுக்கப்புறம்தான் "அக்கா, நீங்க தமயந்தி அடுப்படிதானே"ன்னு கேட்டே.

ஆமா, நான்தான் தமயந்தி. இந்தச் சுண்டுவெரலு சின்னதுல கதவுல நசுங்குனது. இது ஊரு ஒலகத்துக்கெல்லாம் தெரியுது. மூஞ்சிதான் தெரியாது.

போட்டோவா? எடுக்கலாம், எடுக்கலாம். சத்திரம் பஸ் ஸ்டாண்டு போக இன்னும் நேரம் கெடக்கு. மொதல்ல நான் சொல்றதக் கேளு. கேட்டுட்டு அப்பறமும் என் கூட நின்னு எடுக்கணும்னு தோணுச்சுன்னா எடு. தீவாளிக்கு அப்புறம் ஏன் வீடியோவே வரலன்னு கேட்டேல்ல, அதத்தான் சொல்லப்போறேன். வெளியில சொல்லக்கூட கூசுது. உன்னைய இனிமே எங்க பாக்கப்போறேன், அந்தத் தைரியத்துல சொல்றேன்.

அதோ பாரு, டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டு, நீலக்கட்டம் போட்ட சட்டை. அவருதான் எங்க வீட்டுக்காரரு. வீடியோவெல்லாம் எடுக்கறது அவருதான். பாத்துட்டாரு பாரு, திரும்பிட்டாரு. துறையூர்ல ஏறுனதுலேருந்து ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் திரும்பித் திரும்பிப் பாக்கறாரு. பெட்டி பத்திரமா இருக்கான்னு பாக்கறாரு. இந்தப் பெட்டிக்குள்ள இருக்கறதுதான் எங்க குடியக் கெடுத்தது. மானிட்டருன்னு சொல்லுவாங்க. கேமராவுல தெரியறதப் பெருசாக் காட்டற குட்டி டிவி. இதைத் திருச்சியில வாங்குன கடையிலயே திருப்பிக் குடுக்கத்தான் போறோம். அவனுக வாங்கிக்கலன்னாலும் அங்கயே வச்சிட்டு வந்துரணும்னு சொல்லிட்டேன். வாயே தொறக்காம தலையாட்டிட்டாரு.

அவரு கல்யாணம், காதுகுத்து, மஞ்சத்தண்ணி எல்லாத்துக்கும் வீடியோ எடுத்துக்கிட்டிருந்த ஆளு. நல்ல பேரு உண்டு எங்க பக்கத்துல. அப்புறம் ஆளாளுக்குப் போன் வந்துச்சு, மாப்பிள்ளைப் பக்கத்து சின்னப் பயலே எடுத்துப் போட்டுடறான். கூப்பிடறவங்க கொறைஞ்சு போயி, வீட்டுல சும்மா ஒக்காந்திருந்தாரு. அப்பத்தான் எங்க பையன் சொன்னான், அவன் ஓசூர்ல கம்பெனியில இருக்கான், "அம்மா சமையல எடுத்துப் போடுங்கப்பா"ன்னு. இவரு ஒரு சின்ன கேமரா வாங்குனாரு. உள்ளங்கையில அடங்கிடும், அவ்வளவுதான். இதுலயா படம் எடுக்கப்போறாருன்னு நெனச்சேன்.

எனக்கு என்ன வெக்கம்னா பாப்பா, எனக்குப் பல்லு கொஞ்சம் எடுப்பு. நீ பாத்திருப்பே, பாக்காத மாதிரி இருக்கே, நல்ல பொண்ணு. பள்ளிக்கூடத்துல என் பேரே தேங்காத்துருவி. டீச்சரே ஒரு தடவ வாய் தவறிக் கூப்பிட்டுட்டாங்க. அதுலேருந்து சிரிப்பு வந்தா கை தானா வாய்க்குப் போயிடும். பொண்ணு பாக்க வந்தப்ப எங்கம்மா, வாய இறுக்கி மூடிக்கன்னு சொல்லித்தான் காப்பித் தட்டையே கையில குடுத்தாங்க. எங்க கல்யாண ஆல்பத்தப் பாத்தேன்னா எல்லாப் போட்டோவுலயும் நான் யாரு மேலயோ கோவமா இருக்கற மாதிரி நிப்பேன்.

மொத வீடியோ கத்திரிக்காத் தொக்கு. என்னைய முழுசா வச்சு, நேரா நிக்க வச்சு எடுத்தாரு. நல்லா வந்திருக்குன்னாரு. எனக்குப் பாக்க வெக்கம், எனக்குக் காட்டாதீங்கன்னுட்டேன். என் மூஞ்சிய நானே பாத்தா மறுநாள் எனக்குப் பேச்சே வராதுங்க, நீங்க பாத்துப் போட்டுக்கங்கன்னேன். அதுலேருந்து கடைசி வரைக்கும் ஒரு வீடியோகூட நான் பாத்ததில்ல. என்கிட்ட இருக்கறதே பட்டன் போனு. எம்புட்டுப் பெரிய முட்டாளு பாரு.

அந்த மொத வீடியோவ சாயங்காலம் போட்டாரு, மறுநாக் காலையில எடுத்துட்டாரு. ஏங்கன்னு கேட்டா, சத்தம் சரியா வரலன்னாரு. போட்ட அன்னிக்கு ராத்திரிச் சாப்பாட்ட அவரு தொடவேயில்ல. வாசல்ல போனை வச்சுக்கிட்டு என்னத்தையோ டைப் அடிக்கறாரு, அழிக்கறாரு, மறுபடி அடிக்கறாரு. யாருகிட்டயோ சண்ட போடற மாதிரி மூஞ்சி. தொக்கு நல்லாத்தான் இருந்துச்சு, உப்புகூட சரியா இருந்துச்சு.

என்ன பாப்பா அப்படி முழிக்கறே? யாராச்சும் அசிங்கமா எழுதியிருப்பாங்களா? சே, எதுக்கு எழுதப்போறாங்க, என்னைய அவங்களுக்கு முன்னப் பின்னத் தெரியாது. எல்லாரும் நல்லபடியாத்தான் எழுதுவாங்க. தெனம் சாயங்காலம் நான் கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருப்பேன், அவரு ஒவ்வொண்ணா வாசிச்சுக் காட்டுவாரு. வாசிக்கறப்ப மட்டும் கொரல் நல்லாத் தெறக்கும். மத்த நேரத்துல பேச்சுக்குக் கஞ்சன்.

அப்பறம் ஏற்பாட்ட மாத்துனாரு. சின்ன கேமராவ அடுப்புக்கு மேல ஒரு பைப்பு போட்டு, கீழ பாக்கற மாதிரி தொங்கவிட்டாரு. கொதிக்கறது வதங்கறது எல்லாம் தெரியணுமாம். பேசுன்னாரு. எனக்குப் பேச்சு வரல. கடுகு, உளுந்து, கறிவேப்பிலைன்னு ரேஷன் கடையில சாமான் படிக்கற மாதிரி படிச்சேன். முன்னாடி ஒரு ஆளு இல்லாம நான் எப்படிங்க பேசுவேன்னு கேட்டேன்.

மறுநா பாத்தா, அவரோட பழைய கல்யாண கேமராவ எடுத்தாந்து ஸ்டாண்டுல மாட்டி, அடுப்படி வாசல்ல என் ஒசரத்துக்கு நிப்பாட்டியிருந்தாரு. இது உன்னைய எடுக்கும், மேல இருக்கறது சட்டிய எடுக்கும், நீ இதைப் பாத்துப் பேசுன்னாரு. நான் கேட்டேன் பாப்பா, கேக்காம இல்ல. இது ஓடுதாங்கன்னு கேட்டேன். ஓடுதுன்னாரு. செவப்பு லைட்டு எரியலியேன்னேன். அது எரிஞ்சா நீ பயந்துடுவே, அதான் டேப்பு ஒட்டிட்டேன்னாரு. பாத்தா நெசமாவே கறுப்பு டேப்பு ஒட்டியிருந்துச்சு.

அப்பறம் எனக்கு எங்கேருந்துதான் பேச்சு வந்துச்சோ தெரியல. தெனம் குளிச்சு, வேற பொடவை கட்டி, பவுடர் போட்டு, கனகாம்பரம் வச்சுக்கிட்டு அந்தக் கேமராவுக்கு முன்னாடி நிப்பேன். அவரு பாத்துட்டு, பொட்டு எடது பக்கமாப் போயிருக்கு, சரி பண்ணுன்னு சொல்லுவாரு. படத்துல வராத பொட்டு எங்க இருந்தா என்ன? அதை எதுக்குச் சரி பண்ணச் சொல்லணும்? இதைத்தான் நெனச்சு நெனச்சு எனக்கு ஆறவேயில்ல.

அதுக்கு முன்னாடி நின்னா எனக்குச் சிரிப்பு வரும். கை ரெண்டுலயும் மாவு இருக்கும், இல்லன்னா எண்ணெய் இருக்கும், வாய மூட முடியாது. மொதல்ல கஷ்டமா இருந்துச்சு, அப்பறம் பழகிப்போச்சு. பொறந்ததுலேருந்து வாயத் தொறந்து சிரிச்சது அந்தக் கேமராவுக்கு முன்னாடி மட்டுந்தான். மாமியாரு கதை, மாவு புளிக்காத கதை, பெரம்பலூர் கல்யாணத்துல சாம்பாருல கரண்டி விழுந்த கதை. நீயும் கேட்டிருப்பே. அதெல்லாம் யாரோ என் மூஞ்சியப் பாத்துக்கிட்டிருக்காங்கன்னு நெனச்சு சொன்னது.

இன்னொரு அசிங்கம் கேளு. ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன், பந்திக்கு முன்னாடி சேர்ல உக்காந்திருக்கேன். ஒரு பொண்ணு, உன் வயசுதான் இருக்கும், எதுத்தாப்புல நின்னு என்னையவே பாக்குது. என்னமோ கேக்க வாய எடுக்குது, தயங்குது. நான் பாத்தேன், சரி நம்ம வீடியோ பாக்கற புள்ள போலருக்குன்னு, "நான்தாம்மா. வெக்கப்படாம வா, பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்க"ன்னேன். அது சொல்லுச்சு, "இல்ல ஆன்ட்டி, என் துப்பட்டா மேல உக்காந்திருக்கீங்க."

சிரிச்சுக்க பாப்பா, பரவால்ல. அன்னிக்கு எனக்கு ஒறைக்கல. ஏதோ வீடியோ பாக்காத புள்ளன்னு நெனச்சேன். இப்ப படுத்தா அந்தப் புள்ள மூஞ்சிதான் கண்ணு முன்னாடி நிக்குது. கோயில்ல, கடையில, பஸ்ல யாரு பாத்தாலும் நம்மளத் தெரிஞ்சுதான் பாக்கறாங்கன்னு தலைய நிமித்திக்கிட்டு நடந்தேன். முந்தானையக்கூட சரி பண்ணிக்கிட்டு நடந்தேன்னா பாத்துக்க.

எனக்கு ஒரே ஒரு ஆளுகிட்டத்தான் இப்பவும் ரொம்ப வெக்கமா இருக்கு. மலேசியாவுல ஒரு அம்மா, கோமளவல்லின்னு பேரு. வாராவாரம் எழுதுவாங்க. அவரு வாசிச்சுக் காட்டுவாரு. "தமயந்தி, நீ சிரிக்கறப்ப எங்க வீட்டுல வெளிச்சம் போட்ட மாதிரி இருக்கு." இன்னொரு தடவ, "பல்லு தெரிஞ்சா என்ன, அதுதான் உனக்கு அழகு, கையை வச்சு மூடாதே." அதைக் கேட்டு நான் கீரைய அப்படியே போட்டுட்டு உள்ள போயிட்டேன். அழுகை வந்துடுச்சு. என்னைப் பெத்தவங்ககூட அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல. அதுலேருந்து வீடியோவுலயும் அவங்களக் கேப்பேன், "கோமளவல்லி அம்மா சாப்டீங்களா, இது உங்களுக்காகத்தான் காரம் கம்மி"ன்னு. கேட்டிருக்கியா? நீங்கல்லாம் எங்க சொந்தக்காரங்கன்னு நெனச்சீங்களா? இல்ல இல்ல, பாத்ததே கெடையாது. ஆனா சொந்தம் மாதிரித்தான்.

சரி, இந்தப் பெட்டிக்கு வரேன். அடுப்புக்கு மேல தொங்குற கேமராவுக்கும் படம் தெரியற மாதிரி ஒரு குட்டிக் கண்ணாடி இருக்கு, ஆனா அது மேல பாத்துக்கிட்டு இருக்கும். இவரு ஸ்டூலு போட்டு ஏறி எட்டிப் பாக்கணும். ஆவி வேற வந்து மறைச்சுடும். ஒரு தடவ ரவா தோசை எடுத்தப்ப, தோசை பூரா மங்கலு, அடுப்போட திருகு மட்டும் பளிச்சுன்னு வந்திருக்கு. நாள் பூரா பண்ணுன வேலை வீணு. அதுக்கப்பறம்தான் திருச்சிக்குப் போயி இந்த மானிட்டர வாங்கியாந்தாரு. கேமராவுலேருந்து ஒரு ஒயரு இதுக்கு வரும். ஜன்னலோரம் ஆணியில மாட்டிட்டு, வெளிச்சம் படாம தலையோட ஒரு கறுப்புத் துணியப் போத்திக்கிட்டு நிப்பாரு. மேல ஏறாமலே எல்லாம் தெரியுதுன்னு அவ்வளவு சந்தோசம். வேலை முடிஞ்சா பனியன் துணியால தொடச்சு வைப்பாரு. என் பக்கம் மட்டும் திருப்பவே மாட்டாரு. நீ இதைப் பாத்தா கேமராவைப் பாக்க மாட்டேன்னாரு. நியாயந்தானேன்னு நானும் விட்டுட்டேன்.

தீவாளி வந்துச்சு. அதிரசம் எடுக்கறதாப் பேச்சு. கோமளவல்லி அம்மா, தமயந்தி தீவாளிக்கு அரக்குக் கலர் பொடவை கட்டிக்கிட்டு வரணும்னு எழுதியிருந்தாங்க. இவரே போயி எடுத்தாந்துட்டாரு. பொடவைக் கடைப் பக்கமே போகாத மனுசன். கேட்டா, அவங்க கேட்டிருக்காங்களேங்கறாரு. கட்டிக்கிட்டேன். பூ வச்சேன். எல்லாம் ரெடியான பிறகு பாத்தா ஏலக்காய் இல்ல. வாங்கியாரேன்னு கடைக்குப் போனாரு.

வீட்டுல யாரும் இல்ல. எனக்கு ஒரு ஆசை வந்துச்சு. மூஞ்சியப் பாக்க இல்ல, பொடவை எப்படி இருக்குன்னு ஒரு தடவ பாத்துக்கலாம்னு. அந்தம்மா கேட்டுக் கட்டுன பொடவையாச்சே. மானிட்டரப் போட்டேன், போடறத தெனம் பாக்கறேன்ல. அதுல சட்டியும் அடுப்பும் தெரிஞ்சுது, மேல இருக்கற கேமராவோட படம். முன்னாடி கேமராவுலயும் ஒயரு சொருக அதே மாதிரி ஒரு ஓட்டை இருந்துச்சு. குக்கர் வெயிட்டையே கழட்டிக் கழட்டி மாட்டுறவ, இந்த ஒயரையா மாட்டத் தெரியாது. மேல இருந்து உருவி, முன்னாடி இருக்கற கேமராவுல சொருகிட்டு, ஓடி வந்து அடுப்புக்கிட்ட நின்னு, மானிட்டர என் பக்கம் திருப்பிப் பாத்தேன்.

நீலமா வந்துச்சு. வெறும் நீலம். நடுவுல இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை. கேபிள் போயிட்டா டிவியில வருமே, அந்த ரெண்டு வார்த்தை.

ஐயோ கெடுத்துட்டேன்னு நெனச்சேன் பாப்பா. அவரு வர்றதுக்குள்ள சரி பண்ணணும்னு பதறிப் போயி, கேமராவுக்குப் பின்னாடி போயிப் பாத்தேன். பேட்டரி இருக்க வேண்டிய எடத்துல பள்ளந்தான் இருந்துச்சு. அதுக்குள்ள வெள்ளையா ரெண்டு பல்லி முட்டை. ஒண்ணு பொரிஞ்சு ஓடு மட்டும் கெடந்துச்சு. தூசியும் ஒட்டடையும் இருந்ததப் பாத்தா எப்பவோ வச்ச மாதிரி இருந்துச்சு.

அப்பறம் அந்தக் கறுப்பு டேப்ப நகத்தால பிரிச்சுப் பாத்தேன். அதுக்குக் கீழ லைட்டு என்னமோ இருந்துச்சு, பாவம், எரியறதுக்குத்தான் ஒண்ணும் இல்ல. டேப்ப ஒட்டுனேன். ஒயர எடுத்து மேல மாட்டுனேன். மறுபடி சட்டி தெரிஞ்சுது, கையக் கொண்டு போயி நீட்டுனேன், கை தெரிஞ்சுது. வளையல் வரைக்கும் தெரிஞ்சுது. அதோட சரி.

அவரு ஏலக்காயோட வந்தாரு. நான் ஒண்ணும் சொல்லல. அதிரசத்துக்கு ஈர மாவு இடிச்சு வச்சாச்சு, அன்னிக்கு விட்டா காஞ்சு பதம் போயிடும்ல. நின்னேன். பொட்டு சரியா இருக்காங்கன்னு நானே கேட்டேன். இருக்குன்னாரு. ஆரம்பிச்சேன். அந்த வீடியோ பாத்தியா நீ? அதுல நான் ரொம்பச் சிரிச்சேன்னு சொல்றே. ஆமா, பல்லி முட்டையப் பாத்து சிரிச்சேன். கோமளவல்லி அம்மா, பொடவை நல்லாருக்கான்னுகூட கேட்டேன்.

எல்லாம் முடிஞ்சு அவரு மானிட்டரத் தொடச்சுக்கிட்டு இருக்கறப்ப, முன்னாடி கேமராவுல பல்லி முட்டை விட்டிருக்குங்கன்னேன். தொடைக்கறது நின்னுச்சு. தொறந்தியான்னாரு. தொறந்தேன்னேன். முன்னாடி ஏதாச்சும் இருந்தாத்தான் நீ பேசறேன்னாரு, தரையப் பாத்துக்கிட்டு. சரிங்க, அதுல ஒரு பேட்டரியப் போட்டா என் மூஞ்சியும் வந்துட்டுப் போகுது, ஏன் போடலன்னு கேட்டேன். மானிட்டர மறுபடி தொடைக்க ஆரம்பிச்சாரு. என் மூஞ்சி வேணாம்னு நெனச்சீங்களான்னு கேட்டேன். வாய எடுத்தாரு, அப்பறம் மூடிக்கிட்டாரு. ஆமான்னு சொல்ல வாய் வரல, அவ்வளவுதானே? வேற என்ன இருக்கும்? தேங்காத்துருவி மூஞ்சிய ஊருக்கு எப்படிக் காட்டறதுன்னு இருந்திருக்காரு. அன்னிக்கு எனக்குக் கோவங்கூட வரல பாப்பா. ஒடம்பு பூரா கூசுச்சு. நடுத்தெருவுல பொடவை அவுந்து கெடந்து, அது தெரியாமலே நடந்துட்டு வந்த மாதிரி.

தெருவுல எல்லாருக்கும் தெரியும். எதுத்த வீட்டு மும்தாஜப் போயி கேட்டா, "உனக்குத் தெரியும்னுல்லக்கா நெனச்சேன்"ங்கறா. பையனுக்குப் போன் போட்டேன். "நீதான் மூஞ்சி காட்ட இஷ்டமில்லன்னு சொன்னதா அப்பா சொன்னாரும்மா"ங்கறான். எல்லாரும் வளையல் நல்லாருக்கு, கொரல் நல்லாருக்கு, குழம்பு நல்லாருக்குன்னு சொன்னாங்களே தவிர, ஒருத்தராச்சும் பொடவை நல்லாருக்குன்னு சொன்னாங்களா? அப்பவே புத்தி வந்திருக்க வேணாமா எனக்கு?

ரெண்டு நாள் கழிச்சு அவரே பழைய கேமராவ நல்லாத் தொடச்சு, புதுசா பேட்டரி வாங்கிப் போட்டு, டேப்பையும் பிச்சு எறிஞ்சுட்டு, இந்த மானிட்டர என் பக்கம் திருப்பி வச்சாரு. பாரு, இப்ப நீதான் தெரியறே, பேசுன்னாரு. பாத்தேன். கல்யாண ஆல்பத்துக்கு அப்பறம் என்னைய நான் அப்படிப் பாத்ததில்ல. வணக்கம்னு சொல்ல வாயத் தொறந்தேன், பல்லுதான் தெரிஞ்சுது. கை தானா மேல வந்துருச்சு. கையில சாம்பார்க் கரண்டி. பொடவை பூரா சாம்பாரு. "நான் பாக்கல, நீ பேசு"ன்னு அவரு செவத்தப் பாத்துத் திரும்பி நின்னாரு. ஆனாலும் வரல. மறுநா வரல, அதுக்கு மறுநாளும் வரல. உசுரு இல்லாத கேமரான்னா மணிக்கணக்கா பேசுறவ, உசுரு வந்ததும் ஊமையாயிட்டேன். இந்தக் கண்ணாடி வீட்டுல இருந்தா நான் அடுப்படிக்கே வர மாட்டேன்னு சொல்லிட்டேன். அதான் கெளம்பிட்டோம். இதைக் குடுத்துட்டா வீடியோவும் முடிஞ்சுது, என் பேச்சும் முடிஞ்சுது. நான் பாட்டுக்கு முன்ன மாதிரி வாய மூடிக்கிட்டு இருந்துட்டுப் போறேன்.

மண்ணச்சநல்லூர் வந்துருச்சா? ஆமா, அரிசி மில்லு வாசனை வருது. திரும்பறாரு பாரு. இருக்குங்க, பெட்டி இருக்கு, கீழ விழல. சைகை காட்டியும் நம்ப மாட்டேங்கறாரு. ஏறுறப்பவே, பெட்டிய மடியில வச்சு ரெண்டு கையாலயும் புடிச்சுக்க, ரோடு மோசம்னாரு. கம்பியப் புடிக்க வழியில்லாம நானே ஆடிக்கிட்டு வரேன்.

பாப்பா, எனக்கு ஒரு ஒதவி செய்யறியா? உன் போன்ல எங்க வீடியோவுக்குக் கீழ எழுதலாம்ல. அந்தக் கோமளவல்லி அம்மாவுக்கு மட்டும் ஒரு வார்த்தை எழுதிடு. தமயந்தி நல்லாத்தான் இருக்கா, ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல, கோவிச்சுக்க வேணாம்னு. திடுதிப்புன்னு நிப்பாட்டிட்டேன், பாவம் என்ன நெனப்பாங்களோ. அவரக் கேக்கப் புடிக்கல. தேடு, அதிரசத்துக்குக் கீழ கட்டாயம் எழுதியிருப்பாங்க, பொடவையப் பத்தி.

இல்லையா? நல்லாப் பாரு. நெறைய பேரு எழுதியிருக்காங்கன்னா கீழ போயிருக்கும். பேர இங்கிலீஷ்ல போட்டிருப்பாங்க. அதுவும் இல்லையா? சரி, முறுக்கு வீடியோவுல பாரு, அதுலதான் பல்லு தெரிஞ்சா என்னன்னு எழுதுனது. அதுலயும் இல்லையா? என்ன பாப்பா, அவரு வாசிச்சாரே. நான் காதால கேட்டேனே.

என்னது, மத்தவங்க கேட்டிருக்காங்களா? யாருங்க அந்தக் கோமளவல்லின்னா? அதுக்கு எங்க பக்கத்துலேருந்து பதிலு போட்டிருக்கா? அவருதான் போடுவாரு. என்ன போட்டிருக்காரு, படி. "எங்களுக்கு ரொம்ப வேண்டியவங்க." அவ்வளவுதானா? வேற ஒண்ணும் இல்லையா?

இரு. கொஞ்சம் இரு பாப்பா, எதுவும் பேசாதே.

மூஞ்சியே வரலியே. மொத வீடியோவத்தான் அழிச்சுட்டாரு. அப்பறம் எதுலயும் நான் வரலியே. கைய மட்டுந்தானே எல்லாரும் பாத்தீங்க. அப்ப நான் சிரிக்கறப்ப பல்லு தெரியறத அந்தம்மா எப்படிப் பாத்தாங்க? கைய வச்சு மூடறது அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்? அரக்குக் கலர் பொடவை கட்டுனா எனக்கு எடுக்கும்னு யாரு சொன்னது? அந்தப் பழைய கேமராவும் பாக்கல. அந்த அடுப்படியில என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னது ஒரே ஒரு ஆளு. பொட்டு எடது பக்கமாப் போயிருக்குன்னு சொன்ன ஆளு.

கல்யாணமாகி இத்தன வருசத்துல இந்த மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை சொன்னதில்ல பாப்பா. நல்லாருக்கேன்னும் சொன்னதில்ல, நல்லால்லன்னும் சொன்னதில்ல. நேராச் சொல்றதுக்கு என்ன கேடு? இதைச் சொல்ல மலேசியாவுலேருந்து ஒரு பொம்பள வரணுமா? நான் ஒருத்தி, இல்லாத பொம்பளையப் பாத்து வீடியோ தவறாம சாப்டீங்களான்னு கேட்டிருக்கேன். அவரு அந்தக் கறுப்புத் துணிக்குள்ள நின்னு அதையும் கேட்டுக்கிட்டு இருந்திருக்காரு. அய்யய்யோ, என்ன நெனச்சிருப்பாரு. துப்பட்டாவ விட இது பெரிய வெக்கம்.

திரும்பறாரு. இந்தத் தடவ நல்லாப் பாத்தேன் பாப்பா. பெட்டி என் மடியில கெடக்கு, அந்தக் கண்ணு அதுக்கு மேல வருது.

என்ன சிரிக்கறீங்கக்காங்கறே. சிரிக்கறேனா? எனக்கே தெரியல, கண்ணுலேருந்து வேற தண்ணி வருது. அவரும் முன்பக்கம் திரும்பாம அப்படியே பாத்துக்கிட்டு இருக்காரு, ஊரு முன்னாடி என்ன இது. போட்டோ எடுக்கணும்னியே, எடுக்கறதுன்னா இப்பவே எடுத்துடு. கை ரெண்டும் பெட்டி மேல இருக்கு, வாய மூட முடியல.